படுக்கையிலிருந்து குளியலறை வரை

ஜூலை 4, 2025, வெள்ளி

'எம்ப்ரஸ்' இன்று புதுச்சேரிக்கு வந்தது. 2022-இல் அனுமதி கிடைக்காமல் போன அதே கார்டிலியா நிறுவனக் கப்பல். கப்பலில் நடக்கும் சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது தனி விவாதம். பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க இங்கே ஆழமில்லை என்பதால் பயணிகளைப் படகுகளில் கொண்டுவந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்திலும் இப்படித்தான்: கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சலங்கு என்ற படகுகள் போய் ஆளையும் சரக்கையும் இறக்கும்.

கடற்கரைச் சாலையில் என்னோடு நின்ற அம்மா, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒரு தடவ இதுல போயிட்டு வரலாமாடி?" என்றார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, முட்டிவலி உண்டு. இரவில் குறைந்தது இரண்டு முறை எழுந்து குளியலறைக்குப் போவார். கப்பல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரண்டு நடைகள்தான். அத்தைக்கு நடந்தது அப்படி.

ஜூலை 6, ஞாயிறு

முத்தியால்பேட்டைக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். சென்ற ஆண்டு மாமாவோடு வெளிநாட்டில் ஒரு கப்பலில் போனவர், வேறு கடல், வேறு நிறுவனம். மணிக்கட்டு முறிந்து திரும்பினார். இன்னும் அந்தக் கையால் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை.

விலை குறைவு என்று உள்பக்க அறை எடுத்திருந்தார்கள். சன்னல் கிடையாது. "கதவச் சாத்தி வெளக்க அணச்சா, கண்ணத் தொறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான்" என்றார். வீட்டில் எத்தனை இருட்டு என்றாலும் தெருவிளக்கு சன்னல் இடுக்கில் கொஞ்சம் கசியும். அங்கே ஒன்றுமில்லை. முதல் நாள் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தார்களாம். கப்பல் ஆட ஆட, கதவு படார் படார் என்று அடித்தது. வெளிச்சம் நேரே மாமாவின் முகத்தில். மறுநாள் அணைத்துவிட்டார்கள்.

நான் விழுந்த இடத்தைத் துருவித் துருவிக் கேட்டேன். போகும்போது அவர் விழவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு பத்திரமாகப் போய்விட்டார். உள்ளே கண்ணாடிக்கு மேல் பளீரென்ற வெள்ளை விளக்கு. அதை அணைத்துவிட்டு வெளியே வரக் காலெடுத்தபோதுதான் வாசற்படி இடறியது. கப்பலில் குளியலறைக்கு நல்ல உயரமான படி இருக்கும். கப்பல் சாயும்போது தண்ணீர் அறைக்குள் வராமல் தடுக்க அது வேண்டும், குறை சொல்ல முடியாது. அந்தப் படியைக் காட்ட ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாததுதான் குறை.

"என்னோட கவனக்கொறைவும்மா" என்று அத்தை முடித்தார். எனக்கு ஒப்பவில்லை.

ஜூலை 9, புதன்

அத்தை கவனமாகத்தான் இருந்திருக்கிறார். அவருடைய கண்ணுக்கு அந்த நேரத்தில் பார்க்கும் சக்தி இருந்திருக்காது. விழித்திரையில் மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளீர் வெளிச்சம் பட்டதும் அது சிதைந்துவிடும். மறுபடி முழுக்கச் சேர அரைமணி நேரம்போல ஆகும். வயதானால் இன்னும் தாமதம். கண்மணி சுருங்கி, லென்ஸும் பழுத்துவிடுவதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, அந்த வெள்ளை விளக்கின் கீழ் நின்ற சில நிமிடங்களே அத்தையைத் திரும்பும் வழியில் குருடாக்கியிருக்கின்றன.

ஒளியின் நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை ஒளி, இது பகல் என்று மூளைக்குச் சொல்லி மெலடோனினைக் குறைக்கிறது. போய்விட்டு வந்து படுத்தாலும் தூக்கம் வராது. மஞ்சளும் சிவப்பும் அவ்வளவு கெடுக்காது. இதெல்லாம் கப்பல்காரர்களுக்குத் தெரியாத விஷயமா? மாலுமிகள் நிற்கும் மேல்தளத்தை இரவில் இருட்டாகவே வைத்திருப்பார்கள். வரைபடம் பார்க்கச் சிவப்பு விளக்குதான். கடலைப் பார்க்கும் கண் கெடக்கூடாது என்று அத்தனை அக்கறை. அதே கப்பலில் சில தளங்கள் கீழே படுத்திருக்கும் கிழவியின் கண்ணுக்கும் கொஞ்சம் அக்கறை வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

விதிகளைத் தேடிப் படித்தேன். டைட்டானிக் மூழ்கியபின் 1914-இல் பிறந்து, இன்று 1974-ஆம் ஆண்டு வடிவில் நடப்பில் இருக்கும் சோலாஸ் உடன்படிக்கைதான் கப்பல் பாதுகாப்புக்கு அடிப்படை. 1990 ஏப்ரல் 7 அன்று ஆஸ்லோவிலிருந்து போன 'ஸ்கேண்டினேவியன் ஸ்டார்' கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். புகையில் நடைவழி தெரியவில்லை. அதன்பின் 1992-இல் திருத்தம் வந்தது. 36 பேருக்கு மேல் ஏற்றும் பயணிகள் கப்பல்களில் வெளியேறும் வழி நெடுக, தளத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் ஒளிப்பட்டை ஓட வேண்டும். புகை மேலே நிற்கும், தவழ்ந்து போகிறவனுக்கு வழி கீழேதான் தெரிய வேண்டும். எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்!

ஆனால் அது நடைவழிக்கு. அறைக்குள்ளே? அதற்கும் ஒன்று இருக்கிறது. 2010 ஜூலை 1 முதல் கட்டப்படும் பயணிகள் கப்பல்களில், வழக்கமான விளக்குக்கு மின்சாரம் போனால் அறைக்கதவைக் காட்டும் துணைவிளக்கு தானாக எரிந்து, அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். விதியைப் படித்தபோது மகிழ்ச்சி, உடனே ஏமாற்றம். விபத்து நடந்தால்தான் அந்த விளக்குக்கு உயிர். மின்சாரம் ஒழுங்காக இருக்கும் சாதாரண இரவில், இரண்டு மணிக்கு எழுகிறவருக்கு அது உதவாது. அதற்கு முந்திய கப்பல்களை அந்த விதி கட்டாயப்படுத்தவும் இல்லை. இன்று நம் கடலில் ஓடும் 'எம்ப்ரஸ்' 1990-இல் பிரான்சின் சேன் நசேரில் கட்டப்பட்டது.

அதே ஊரில் கட்டிய இன்னொரு கப்பலின் கதையும் கண்ணில் பட்டது. 'ஜார்ஜ் ஃபிலிப்பார்'. நம் ஊர்க்காரர்களைச் சைகோனுக்கு ஏற்றிப்போன மெஸ்ஸாஜெரி மாரித்தீம் நிறுவனத்தினுடையது. முதல் பயணத்திலேயே, கொழும்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், 1932 மே 16 அன்று ஏடன் வளைகுடாவில் எரிந்தது. மின்கோளாற்றால், ஒரு பயணியின் அறையில் தொடங்கிய தீ என்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பத்திரிகையாளர் ஆல்பேர் லோந்த்ர் அவர்களில் ஒருவர். அறை வயரிங் விஷயத்தில் கப்பல்காரர்கள் ஏன் இத்தனை கெடுபிடி செய்கிறார்கள் என்பது இதைப் படித்தால் புரியும். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துப்போக முடியாது, மெழுகுவத்தி அறவே கூடாது. சரியான தடைகள். அப்படித் தடுக்கிறவர்கள் தாங்களே ஒரு விடிவிளக்கு வைத்துத் தர வேண்டாமா?

ஜூலை 16, புதன்

நேரு வீதியில் பேட்டரி விளக்குகள் சில வாங்கினேன். கடைக்காரர் முதலில் ஜீரோ வாட்ஸ் பல்பை நீட்டினார். அது பிளக் கேட்கும். கப்பல் அறையில் பிளக் ஒன்றிரண்டுதான், அதுவும் மேசைப்பக்கம்.

இரவு எங்கள் நடு அறையில் சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தேன். குளியலறை வாசலில் மனைப்பலகையைப் படியாக வைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே நின்றேன். வெள்ளை ஒளி விளக்கை மேசைமேல் வைத்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலகையின் நிழல் தரையில் நீளமாக விழுந்து, படி எங்கே, நிழல் எங்கே என்று எனக்கே குழம்பியது. ஆள் அசைந்தால் எரியும் விளக்கு, அம்மா புரண்டு படுத்ததற்கெல்லாம் எரிந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில், வெளிச்சம் தரையில் மட்டும் படும்படி திருப்பி வைத்ததும் சரியாயிற்று. மஞ்சள் ஒளி விளக்கைப் பலகைக்குப் பக்கத்துச் சுவரில், கணுக்கால் உயரத்தில் ஒட்டினேன். அம்மா யார் கையையும் பிடிக்காமல் போய், பெரிய விளக்கைப் போடாமலே திரும்பி வந்தார். "இது போதும்டி, கண்ணு கூசல. நம்ம வீட்டுலயும் இப்படியே இருக்கட்டும்."

கப்பல் அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் பிடிக்கும். காந்தம் வைத்த மஞ்சள் விளக்கு இரண்டு, மாற்று பேட்டரி. பெட்டியில் இவ்வளவு போதும்.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டியில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள், மற்றவர்கள்? முதல்முறை கப்பலேறும் வயதானவர்களுக்கு யார் சொல்வது? மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு இன்று ஒரு மனு எழுதினேன். இந்தியத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றும் உல்லாசக் கப்பல்களில், அறை ஒவ்வொன்றிலும் குளியலறைப் படியை ஒட்டித் தரைமட்டத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று இரவு முழுக்க எரிய வேண்டும். படியின் விளிம்பில் இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். கண்ணாடி விளக்குக்கு மங்கலான இரண்டாவது நிலை வேண்டும். பழைய கப்பல் என்று விலக்குத் தரக்கூடாது. பட்டை ஒட்டுவதற்குக் கப்பலை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை.

அத்தை இடது கையால் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அம்மாவும் போட்டார். நாளைக் காலை ரங்கப்பிள்ளை வீதித் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட வேண்டும். கப்பல் நிறுவனத்துக்கான நகலையும் அதோடே அனுப்பலாம்.