எஸ்தொஃபாதோ

ஸ்பானிய மொழியில் 'எஸ்தொஃபாதோ' என்று ஒரு சொல். இறைச்சியை எண்ணெய், பூண்டு, வெங்காயத்தோடு மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் வேகவைத்தது என்று அர்த்தம். எனக்கு முதலில் தெரிந்தது இந்தச் சமையலறைச் சொல்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஸ்பெயின் தேவாலயச் சிற்பங்களைப் பற்றிய குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்தேன். மரத்தில் செதுக்கிய புனிதரின் அங்கிக்கும் இதே சொல் வந்தது. அகராதியைத் திறக்கவில்லை. 'சிறுதீயில் வெந்த அங்கி' என்று எழுதினேன். துறவு என்பதே மெதுவாக வேகுவதுதான் என்று பின்னுரையில் ஒரு பாராவும் சேர்த்தேன். அச்சில் வந்தது. நண்பர்கள் இரண்டு பேர் அந்தப் படிமத்தைச் சிலாகித்தார்கள். நான் மறுக்கவில்லை.

பிறகுதான் பார்த்தேன். 'எஸ்தொஃபார்' என்ற வினைக்கு அகராதியில் தனித்தனியாக இரண்டு பதிவுகள். ஒன்று, அடுப்பைக் குறிக்கும் 'எஸ்தூஃபா'வின் உறவு. மற்றது 'எஸ்தொஃபா' என்ற துணியிலிருந்து வந்தது: இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைப்பது. படுக்கை விரிப்புக்கான வேலை. இரண்டுக்கும் ஒலிதான் ஒன்று.

சிற்பத்துக்குப் போனது துணியின் சொல். மரத்தின்மேல் வெண்சாந்து, அதன்மேல் செங்களிமண் பூச்சு, அதன்மேல் தங்க ரேக்கு. ரேக்கை மெருகேற்றிவிட்டு, முட்டை சேர்த்துக் குழைத்த வர்ணத்தால் அதை மூடிவிடுகிறார்கள். பிறகு கூர்முனையால் சுரண்டும்போது அடியிலிருக்கும் தங்கம் ஜரிகைக் கோடுகளாக மேலே வருகிறது. மரம் பட்டாடையாகிறது. செதுக்குகிறவர் ஒருவர், வர்ணம் தீட்டுகிறவர் பெரும்பாலும் வேறொருவர். செவில் நகரில் மொந்தான்யேஸ் செதுக்கிய உருவங்கள் சிலவற்றுக்கு வர்ணம் தீட்டியவர், ஓவியர் வெலாஸ்கேஸின் மாமனாரான பாச்சேகோ.

முதலில் தங்கத்தை ஒட்டி, அதை முழுக்க மறைத்து, வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்துகாட்டுகிற இந்தக் காரியத்தில் ஒரு வரிகூட என் வாசகனுக்குப் போய்ச் சேரவில்லை. அவனுக்குக் கிடைத்தது என் குழம்பு.

சிலேடை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. காளமேகத்துக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தெரியாததை ஆழம் என்று காட்டிவிட்டேன். விமர்சனத்தில் நாம் மற்றவர்களிடம் கண்டுபிடித்துக் கோபப்படுகிற அதே காரியம்.

சங்கடம் வேறொன்று. தப்பென்று தெரிந்தபிறகும் 'சிறுதீயில் வெந்த அங்கி' எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. தொகுப்பில் சேர்க்கும்போது முதலில் அடிக்கவேண்டியது அந்த வரியை.