அளந்த அச்சமும் அளக்காத அச்சமும்

மனிதன் அச்சத்தை வெறுப்பவன் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. உலக நடப்பைக் கூர்ந்து நோக்குவார்க்கு இக்கூற்று முழு உண்மையன்று என்பது எளிதில் விளங்கும். தன் கைப்பொருளைக் கொடுத்து, வரிசையில் நின்று, முறை வரும் வரை பொறுத்திருந்து, அச்சத்தை விலைக்கு வாங்குகின்ற பிராணி மனிதன் ஒருவனே. நம் நாட்டுத் தேர்த் திருவிழாக்களில் குடை ராட்டினத்திலும் தொட்டில் ராட்டினத்திலும் ஏறிக் கூவியவர் அனைவரும் இதற்குச் சாட்சியாவர். இறங்கியவுடன், "இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்" என்று சூளுரைப்பவனே அரை நாழிகை சென்றபின் மறுபடியும் காசோடு வந்து நிற்பான். இஃது ஏன்? அச்சத்தில் இருவகை உண்டென்பதும், ஒன்றை விரும்பி நாடும் நாம் மற்றொன்றை அறியாமலே சுமந்து திரிகிறோம் என்பதும் நமது மலேசியப் பிரயாணத்தில் ஒருவாறு புலப்பட்டன. அதனை இங்குக் கூறுவாம்.

சென்ற விடுமுறையில் கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சுங்கை பூலோ என்னும் ஊரில், நம் அத்தை இல்லத்தில் பத்து நாள் தங்கியிருந்தோம். சுங்கை பூலோ என்பதற்கு மூங்கிலாறு என்பது பொருள். இவ்வூர் இரண்டு காரியங்களால் பெயர் பெற்றது. ஒன்று, சாலையோரமெங்கும் பசுமை காட்டி நிற்கும் செடிப் பண்ணைகள். மற்றொன்று, அப்பண்ணைகளுக்கு அருகே 1930ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தொழுநோயாளர் குடியிருப்பு. முன்னதைப் பற்றி வீட்டார் பெருமையோடு பேசினர். பின்னதைப் பற்றி நாமாகக் கேட்ட போதும், "அது பழைய கதை" என்று அத்தை பேச்சை மாற்றிவிட்டார்.

அத்தையின் பேத்திக்கு வயது பன்னிரண்டு. ஊரிலிருந்து வந்த மாமாவை ரோலர் கோஸ்டரில் ஏற்றாமல் திருப்பி அனுப்பலாகாது என்பது அச்சிறுமியின் தீர்மானம். அந்நாட்டில் இதற்கு இடங்கள் பல உள. பழைய வெள்ளீயச் சுரங்கக் குழியையே நீர் விளையாட்டுப் பூங்காவாக மாற்றிய சன்வே லகூன் ஒன்று. கெந்திங் மலையுச்சியில் 2022ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரும் பூங்கா மற்றொன்று. மழைக்காலமாதலின், கூரைக்குக் கீழேயே அமைந்த பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பூங்காவே தக்கதென்று அத்தான் முடிவு செய்தார். காலையில் பசியாறிவிட்டு, அத்தை, அத்தான், சிறுமி, நாம் ஆகிய நால்வரும் சுங்கை பூலோவில் மின்வண்டி ஏறி, தித்திவாங்சாவில் இறங்கி, அங்கிருந்து மோனோரயிலில் இம்பி நிலையம் சேர்ந்தோம்.

அவ்வட்டாரம் கேளிக்கைக்குப் புதியதன்று. யுத்தத்திற்கு முன்னரே அதனருகே புக்கிட் பிந்தாங் பூங்கா என்ற பெயரால் ஒரு கேளிக்கைத் தோட்டம் இருந்தது. பகலெல்லாம் உழைத்த மக்கள் மாலையில் அங்கு ஆடலும் பாடலும் கண்டு களித்தனர். அத்தோட்டம் 1970களில் மறைந்தது. அவ்விடத்தில் இப்போது நிற்பது சுங்கை வாங் என்னும் அங்காடி மாளிகை. தோட்டம் போயினும் கேளிக்கையை நாடும் மனம் போகவில்லை. அது சில தெருக்கள் தள்ளி, படியேறி, அடுக்கு மாளிகையின் உள்ளே புகுந்துகொண்டது.

ரோலர் கோஸ்டரின் வாயிலில் ஓர் அளவுகோல் நட்டிருந்தது. ஏற விரும்புவோர் அதனருகே நிற்றல் வேண்டும். சிறுமி கோட்டிற்கு மேல் இரண்டு விரற்கடை உயரம் இருந்தாள். அவள் முகத்தில் தோன்றிய பெருமிதம் தேர்வில் முதன்மை பெற்றார்க்கும் வாய்ப்பதரிது. அந்த அளவுகோல் எவரையும் நீ எந்த இனத்தவன், எந்தத் தெருவினன், யாருடைய மகன் என்று கேட்கவில்லை. இருப்புச் சட்டம் உன் உடலைப் பிடித்துக்கொள்ளப் போதிய உயரம் உனக்கு உண்டா என்ற ஒன்றையே கேட்டது. அத்தை மட்டும் பைகளைக் காத்துக்கொண்டு கீழே ஒரு பலகையில் அமர்ந்தார். "நீங்கள் போய் வாருங்கள் தம்பி, பார்ப்பதற்கே எனக்கு அடிவயிறு கலங்குகிறது" என்றார்.

நாம் அமர்ந்ததும் தோளின்மேல் கனத்த சட்டம் ஒன்று இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஊழியர் ஒருவர் ஒவ்வொரு சட்டத்தையும் கையால் இழுத்துப் பார்த்துச் சென்றார். வண்டி மெல்ல மெல்ல மேலேறிற்று. ஏறும்போது பேச்சு இருந்தது. உச்சியை அடைந்தபோது பேச்சு நின்றது. பிறகு நடந்ததைச் சொல்லச் சொற்கள் போதா. உடல் முன்னே விழ, வயிறு பின்னே தங்கிவிட்டது போன்ற ஓர் உணர்ச்சி. தரை கூரையாயிற்று, கூரை தரையாயிற்று. நமக்கு முன்னிருக்கையில் மலாய் இளைஞர் இருவர், பின்னிருக்கையில் ஒரு சீனக் குடும்பம். எல்லாரும் ஒரே குரலில் அலறினோம். அலறலுக்கு மொழி இல்லை என்பதை அன்று அறிந்தோம். வண்டி நின்றதும் அதே கூட்டம் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தது. முன்பின் அறியாதாரும் சிறிது நேரம் உறவினர் போல் ஆயினர்.

நிற்க. இத்தனை அச்சம் விளைவிக்கும் பொறி மனிதரைக் காயமின்றி இறக்கிவிடுவது எங்ஙனம்? இதன் வரலாறு சுவையானது. ருஷ்ய நாட்டில் பனிக்காலத்தில் மரச் சாரங்களின்மேல் நீரை ஊற்றி உறையவைத்துச் சறுக்கி விளையாடிய வழக்கமே இதற்கு வித்து. 1817ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தார் அதற்குச் சக்கரமும் பாதையும் அமைத்தனர். 1884ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சார்ந்த கோனித் தீவில் தாம்ஸன் என்பார் ஐந்து சென்ட் கட்டணத்திற்கு ஒரு வண்டி விட்டார். அதன் வேகம் மணிக்கு ஆறு மைல். நம் ஊர் ஜட்கா வண்டியும் அதனை முந்தியிருக்கும்.

பின்னர் தலைகீழாய்ச் சுழலும் ஆசை பிறந்தது. 1895ஆம் ஆண்டில் அதே தீவில் முழு வட்டமாக ஒரு வளையம் கட்டினர். வட்டம் கண்ணுக்கு அழகு, கழுத்துக்குப் பகை. முழு வேகத்தில் வந்த வண்டி திடீரென்று வளைவில் புகுந்தமையால் ஏறியவர் கழுத்து நொந்தனர். தவறு எங்கே என்று அறிஞர் ஆராய்ந்தனர். வேகம் மிகுந்த அடிப்பகுதியில் வளைவு அகலமாகவும், வேகம் குறைந்த உச்சியில் ஒடுக்கமாகவும் இருத்தல் வேண்டும் என்று கணக்குக் காட்டிற்று. அவ்வாறு நீர்த்துளி வடிவில் வளையம் அமைத்து, 1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வண்டி ஓடச் செய்தவர்களுள் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் முதன்மையானவர். இதற்கு முன்பே, 1919ஆம் ஆண்டில், ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் தண்டவாளத்தின் அடிப்புறத்தையும் பற்றிக்கொள்ளும் சக்கரங்களுக்கு உரிமை பெற்றிருந்தார். மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்றும் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்வதனால் வண்டி பாதையை விட்டு எழும்ப இயலாது.

ஆகவே நாம் காசு கொடுத்து வாங்கியது எவரோ முன்னரே அளந்து பார்த்த அச்சம். நெஞ்சு நடுங்கும், ஆயினும் இரும்பு பிடித்திருக்கிறது என்பதை அறிவு அறியும். அந்நடுக்கமும் அவ்வறிவும் ஒருங்கே இருப்பதனாலேயே அது இன்பமாகிறது. சிறுமி இதனைத் தன் வழியில் உணர்ந்துகொண்டாள். திரும்பும் வழியில் அத்தை, "உனக்குப் பயமாக இல்லையா?" என்று வினவ, "பயமாகத்தான் இருந்தது பாட்டி, ஆனால் தினமும் காலையில் ஆளில்லாத வண்டியை ஓட்டிச் சோதித்த பிறகே நம்மை ஏற்றுகிறார்களாம், அந்த அண்ணனிடம் கேட்டேன்" என்றாள்.

மறுநாட் காலையில் வீட்டு வாயிலில் ஒரு முதியவர் வந்து நின்றார். சீனர், எண்பது வயதிருக்கும். கைவிரல்கள் சில மடங்கிக் குறுகியிருந்தன. அத்தை கேட்டிருந்த செம்பருத்திச் செடியைத் தொட்டியோடு கொண்டு வந்திருந்தார். குடியிருப்பில் இளமை முதல் வாழ்பவர் என்றும், நோய் நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின என்றும் அத்தான் சொன்னார். அத்தை அவரிடம் மலாய் மொழியில் அன்பாகவே பேசினார், பேரப்பிள்ளைகளின் நலம் விசாரித்தார், தேநீரும் கொடுத்தார். ஆனால் அத்தேநீர் வந்த குவளை அடுக்களை அலமாரியிலிருந்து வரவில்லை. பின்கட்டில், துடைப்பத்திற்கு அருகே, தனியே கவிழ்த்து வைத்திருந்த குவளை அது. முதியவர் குடித்து முடித்துத் தாமே குழாயடியில் கழுவி, அதனை வைக்க வேண்டிய இடம் தெரிந்தவராய் அங்கேயே வைத்துச் சென்றார். அவருக்கு அவ்விடம் தெரிந்திருந்ததே நம்மை வருத்திற்று. நம் நாட்டுத் தேநீர்க் கடைகளின் தனிக்குவளையை அறிந்த எவருக்கும் அக்காட்சி புதிதாக இராது.

அக்குவளையின் பின்னே நெடிய வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளரைப் பிரித்து வைக்க அதிகாரம் தந்தது. அவர்களைச் சிறை போன்ற கொட்டில்களில் அடைத்தல் தகாது, தோட்டமும் வீடும் கொண்ட ஊராக அமைத்தல் வேண்டும் என்று டாக்டர் டிராவர்ஸ் என்பார் வாதாடினார். அவ்வாறு எழுந்ததே சுங்கை பூலோ குடியிருப்பு. ஒரு காலத்தில் ஈராயிரத்திற்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். பள்ளியும் வழிபாட்டிடங்களும் இருந்தன, சிறையும் இருந்தது, அவ்வெல்லைக்குள் மட்டும் செல்லும் தனிப் பணநோட்டும் இருந்தது. அங்குப் பிறந்த குழந்தைகள் தாயின் மடியிலிருந்து பிரிக்கப்பட்டனர். பலர் பிறருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். தோட்டம் எத்துணை அழகாயினும், பெற்ற பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு அது தோட்டமாகத் தோன்றியிருக்குமா?

இவ்வச்சத்தை எவரும் அளக்கவில்லையா எனின், அளந்தனர். இந்நோய் பாவத்தின் பலன் என்று உலகம் பேசிக்கொண்டிருக்கையில், 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் இதற்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டார். மாந்தரிற் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1940களில் டாப்சோன் என்னும் மருந்து பயனுக்கு வந்தது. 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்தது. அம்முறையில் சிகிச்சை தொடங்கிய சின்னாட்களிலேயே நோய் பிறர்க்குப் பரவுவது நின்றுபோகிறது. குணமடைந்தவர் விரல் மடங்கியிருப்பது பழைய காயத்தின் வடுவேயன்றி நோயன்று. இவை யாவும் ஐயமறச் சோதித்து அறிந்த உண்மைகள். ஆளில்லா வண்டி நூறு ஆயிரம் முறை ஓடிக் காட்டியாயிற்று. இன்னும் நாம் கீழே பலகையில் அமர்ந்து அடிவயிறு கலங்கிக்கொண்டிருக்கிறோம்!

அத்தையைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர் இளம்பருவத்தில் அச்சாலையைக் கடக்கும்போது பெரியோர் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்களாம். அன்று பொத்திய கை இன்றளவும் முற்றும் இறங்கவில்லை. இதனை நாம் எடுத்துரைக்க நேரவில்லை, சிறுமியே கேட்டுவிட்டாள். "அந்தத் தாத்தாவைச் சோதித்துத்தானே பாட்டி, நோய் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்?" என்றாள். "ஆமாம்" என்றார் அத்தை. "அப்படியானால் குவளை ஏன் துடைப்பத்தின் பக்கத்தில் இருக்கிறது?" என்றாள். அத்தை விடை கூறவில்லை. "போய்ப் பாடத்தைப் படி" என்று மட்டும் சொன்னார். சிறுமி போகும் வழியில் அக்குவளையை எடுத்து, மற்றொரு முறை கழுவி, அடுக்களை அலமாரியில் ஏனைய குவளைகளோடு வைத்தாள். அத்தை அதனைக் கண்டார். எடு என்று சொல்லவுமில்லை. நன்று என்று சொல்லவுமில்லை. நாம் புறப்படும் வரை இருந்த மூன்று நாளும் அது அங்கேயே இருந்தது. ஒரு மாலை நாம் நீர் பருகியது அதிலா வேறொன்றிலா என்று நமக்குத் தெரியாது. ஒன்றுபோல் இருக்கும் ஆறு குவளைகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டது.

இச்செய்தி அயல் நாட்டிற்கே உரியது என்று அன்பர்கள் எண்ணலாகாது. நம் நாட்டில் 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இந்நோயைக் காட்டி மணமுறிவு கோரலாம் என்ற விதி 2019ஆம் ஆண்டு வரை நம் திருமணச் சட்டங்களில் இடம்பெற்றிருந்தது. மருந்து வந்து நெடுங்காலம் சென்றபின் சட்டம் விழித்தது. சட்டம் விழித்தபின் வீடு விழிக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டுமோ! ஏட்டிலுள்ள விதியை மாற்ற மன்றம் உண்டு. பின்கட்டுக் குவளையை இடம் மாற்ற எந்த மன்றமும் வாராது; அவ்வவ்வீட்டார் கையே எழுதல் வேண்டும்.

வெளிநாடு செல்லும் அன்பர்கள் ரோலர் கோஸ்டரில் ஏறுக, நன்றாய் அலறுக, பிள்ளைகளையும் ஏற்றுக. அதில் கெடுதி ஒன்றுமில்லை. இறங்கியபின், அவ்வண்டியைச் சோதித்தவர் யார், எவ்வாறு சோதித்தார் என்று பிள்ளைகள் கேட்பார்களாயின் பொறுமையுடன் விடை கூறுக. அக்கேள்வியை அவர்கள் வீட்டிற்கும் கொண்டுவருவர். அலமாரியையும், பின்கட்டையும், நாம் பேசாது மாற்றிவிடும் பேச்சுக்களையும் சுட்டி அதே கேள்வியைக் கேட்பர். அப்போது, "போய்ப் படி" என்று சொல்லாதிருப்போமாக.