எனக்கு மசியல் பிடிக்காது

எனக்குக் கீரை மசியல் பிடிக்காது. இதை எழுதும்போதே யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நம் ஊரில் ஒரு குடும்பத்துப் பெண் இப்படிச் சொல்வது, கோயிலுக்குப் போகப் பிடிக்காது என்று சொல்வதைப் போல. உடனே இரும்புச்சத்து, கண் பார்வை, தலைமுடி என்று பாடம் எடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். கீரையே பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. மசியல்தான். பல்லுக்கு ஒரு வேலையும் வைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்தக் குழைவு எனக்கு ஆகாது.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். அம்மா சிறுகீரையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயமும் வத்தலும் தாளித்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் வதக்கி, தேங்காய்ப் பூ தூவி இறக்குவாள். முருங்கைக்கீரை என்றால் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவாள். வாக்கப்பட்டதோ கும்பகோணத்துக் குடும்பத்தில். குடியிருப்பது சென்னையில். இந்த வீட்டில் எந்தக் கீரை வந்தாலும் அது மசியலாகத்தான் இலைக்கு வரும். அரைக்கீரை மசியல், முளைக்கீரை மசியல், பசலை மசியல், அண்மைக்காலமாகப் பாலக் மசியல். பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்து விட்டால் கூட்டு. அதைத் தாண்டிக் கீரைக்கு ஒரு கதி இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

கீரை வாங்குவது நானில்லை, என் கணவர். காலை நடைக்குப் போகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார். தெருமுனையில் மொபெட்டில் கீரை விற்கிறவர், கட்டு இருபது ரூபாய், மூன்று எடுத்தால் ஐம்பது என்பார். பத்து ரூபாய் மிச்சம் பிடித்துவிட்ட பெருமையோடு மூன்று கட்டும் வீட்டுக்கு வந்து சேரும். எங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு கட்டு போதும். இரண்டாவது கட்டை எப்படியோ ஒப்பேற்றலாம். மூன்றாவது கட்டு ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பாலிதீன் பைக்குள் கிடந்து, மஞ்சளாகி, கொழகொழத்து, ஒருநாள் வாடையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கேதான் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த அழுகிய கட்டைத் தூக்கிக் குப்பையில் போடும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். ஒரு மசியல் குறைந்தது பாருங்கள். முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டு, "அடடா, வீணாப்போச்சே" என்று இரண்டு தரம் சொல்வேன்.

மசியல் பிடிக்காத விஷயம் வெளியே வந்தது என் மகளால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: "அம்மா, நீ ஏன் கீரை மட்டும் போட்டுக்கவே மாட்டேங்கற?"

"எனக்குப் பிடிக்காதுடி."

கணவர் பிசைந்த கையை நிறுத்திவிட்டார். "அப்புறம் எதுக்கு நீ பண்ற?"

"நீங்க வாங்கிட்டு வர்றீங்களே."

மாமியார் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம். அத்தை நிதானமாக மோரை ஊற்றிக்கொண்டு, "பிடிக்கலேன்னா உனக்குப் பிடிச்ச மாதிரி பண்ணேம்மா. எனக்கு மட்டும் ரெண்டு கரண்டி குழைய வேகவச்சுக் குடு. எனக்குப் பல்லு ஏது?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மசியல் என்பது பல் முளைக்காதவர்களுக்கும் பல் போனவர்களுக்குமான அருமையான உணவு. இந்த வீட்டில் முதலில் குழந்தைகளுக்காக மசித்தோம். அவர்கள் வளர்ந்து முடிப்பதற்குள் அத்தைக்குப் பல் ஆட்டம் கண்டுவிட்டது. நடுவில் திடமாகப் பல் வைத்திருந்த நாங்கள் மூன்று நான்கு பேர் ஏன் அதையே விழுங்கிக்கொண்டிருந்தோம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு கட்டு முழுவதும் ஒரே பண்டமாகத்தான் ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மறுநாளிலிருந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு முளைக்கீரைக் கட்டில் மூன்று சமையல் இருக்கிறது. நுனியில் இருக்கும் இளங்கொழுந்தை ஆய்ந்து ஒரு கைப்பிடி தனியே எடுத்தால் அத்தைக்கு மசியல். மீதி இலை எங்களுக்குப் பொரியல். தண்டை நார் உரித்து விரல் நீளத்துக்கு நறுக்கி, காராமணியோடு மறுநாள் புளிக்குழம்பில் போட்டால், என் மகன் சோற்றை ஒதுக்கிவிட்டுத் தண்டை மட்டும் கடித்துச் சக்கையைத் தட்டோரம் குவிக்கிறான். கீரை என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிற பையன் அவன். அவனுக்கும் என்னைப் போலவே கடிக்க ஏதாவது வேண்டியிருந்திருக்கிறது.

மசியலையும் நான் இப்போது வேறு மாதிரி செய்கிறேன். முன்பெல்லாம் குக்கரில் இரண்டு விசில், பிறகு மிக்ஸியில் ஒரு சுற்று. கீரை சேற்று நிறத்தில் வரும். இப்போது அகன்ற பாத்திரம், மூடி கிடையாது, ஐந்து நிமிடம், பிறகு மத்தால் கடைசல். மூடாமல் வேகவைக்கத்தான் பாட்டிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணம் பிறகு தெரிந்தது. இலையில் உள்ள அமிலம் வேகும்போது ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை அமிலம் பெயர்த்துவிட்டால் பச்சை போய்ப் பழுப்பு வந்துவிடும். புளி ஊற்றிய கீரை ஏன் எப்போதும் கறுத்தே இருக்கிறது என்பதற்கும் இதுதான் விடை. அத்தை முதல் நாள் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, "வெந்துச்சா?" என்று சந்தேகமாகக் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கீரை ஆகிப்போனது. அதை நம்மவர்கள் வேகவைத்தே கெடுக்கிறார்கள். நூறு கிராம் பாலக்கில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர்தான். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றி வேகவைப்பதில் அர்த்தமே இல்லை. இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டும் கிள்ளிய மிளகாயும் போட்டு, ஈரம் வடிந்த பாலக்கை மொத்தமாகக் கொட்டிப் பெருந்தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். வாணலி நிறைய மலைபோல் இருந்தது இரண்டு கைப்பிடியாகச் சுருண்டுவிடும். உப்பு, சுருண்ட பிறகுதான். மலையைப் பார்த்து உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அடுப்பை அணைத்ததும் அரை மூடி எலுமிச்சை பிழிவேன். ருசிக்காகத்தான் பிழிய ஆரம்பித்தேன். கீரையில் உள்ள இரும்பை உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது, எலுமிச்சையின் சி வைட்டமின் அதற்குக் கைகொடுக்கும் என்பது கூடுதல் லாபம். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற என் கணவர் அந்த லாபத்தைத் தினமும் தொலைக்கிறார். சொன்னால் கேட்கிற வயதா அது?

அவருக்கு நடுவில் சிறுநீரகக் கல் வந்து போனது. பாலக்கில் ஆக்சலேட் அதிகம், அளவைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னதும், மூன்று கட்டு வாங்குகிற மனிதர் முகம் வாடிவிட்டது. அதனால் அவர் பங்கை மட்டும் நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறேன். ஆக்சலேட்டில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். கூடவே தயிர் இருந்தால் அதிலுள்ள கால்சியம் மீதியில் கொஞ்சத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும் மருத்துவர் சொன்னார். எனவே அவருக்கு மோர்க்கீரை. தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்டு, கெட்டி மோர் ஊற்றி, நுரைத்து வரும்போது இறக்குவது. அத்தையும் அதில் பங்கு கேட்கிறார். ஆக இரண்டு பேருக்குக் குழைவு, மூன்று பேருக்குக் கடி.

இத்தனையும் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கீரையில் சமையல் ஐந்து நிமிடம், ஆய்வதுதான் அரை மணி நேரம். கீரை அழுகுவது சமையல் குறிப்பு தெரியாததால் இல்லை. ஆய உட்கார ஆளில்லாததால்தான். இப்போது ராத்திரி சீரியல் ஓடும்போது நடுவில் ஒரு பழைய செய்தித்தாள் விரிக்கப்படுகிறது. அத்தை கை தானாக ஆய்கிறது. கண் சரியாகத் தெரியாததால் புல்லும் பூண்டும் சேர்ந்து வரும், அதை மகள் பொறுக்கி எடுப்பாள். மகன் தண்டுக்கு நார் உரிப்பான், அவன் பண்டம் ஆயிற்றே. வாங்கிக்கொண்டு வந்தவரும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மூன்று கட்டு மெதுவாக இரண்டானது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

ஆய்ந்ததைக் கழுவாமல்தான் வைக்க வேண்டும். விற்கிறவர் வாடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அந்த ஈரம் கட்டின் நடுவில் தங்கித்தான் அழுகல் தொடங்குகிறது. வந்தவுடன் கட்டை அவிழ்த்து, மின்விசிறிக்குக் கீழே பரப்பி, ஈரம் போனதும் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சமைக்கும் முன்புதான் குளியல். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமுக்கி அலசி, கீரையைத் தூக்கி எடுக்க வேண்டும். தண்ணீரை வடித்தால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரை மேலேயே உட்காரும்.

அதற்கும் மேல் மிஞ்சுகிற பாலக்கை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, பிழிந்து, உருண்டை பிடித்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். "ஐஸ்ல வச்ச கீரையா!" என்று அத்தை அதைத் தொடமாட்டார். புளிச்சகீரை வந்தால் கவலையே இல்லை. நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கிவிட்டால் அதன் புளிப்பே அதைக் காக்கும்.

பாலக்கை அரைத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்து பிள்ளைகளுக்குத் தெரியாமல் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு. எனக்கு அந்தத் தந்திரம் பிடிப்பதில்லை. பச்சைப் பூரி செய்வேன், பச்சையாக இருக்கிறது என்று சொல்லியே போடுவேன். ஒரு பண்டத்தை ஒளித்துக் கொடுத்தால் அது ஒளிக்க வேண்டிய பண்டம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். மழை நாளில் கடலைப்பருப்பு வடையில் சிறுகீரையை அள்ளிப் போட்டால் ஒளிக்க வேண்டிய அவசியமே வராது. கீரையில் ஈரம் இருந்தால் மட்டும் மாவு இளகி வடை எண்ணெய் குடிக்கும்.

ராத்திரி கீரை ஆகாது என்ற அத்தையின் விதியோடு இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. விளக்கு வெளிச்சத்தில் புழு பூச்சி தெரியாத காலத்து எச்சரிக்கை அது என்பது என் கட்சி. செரிக்காது என்பது அவர் கட்சி. முருங்கைக்கீரை அடை வார்க்கும் இரவுகளில் அவருக்கு இட்லி.

அகத்திக்கீரைதான் பாக்கி. ஏகாதசி விரதம் இருந்து துவாதசியன்று அத்தைக்கு அது வேண்டும். அந்தக் கசப்பை வேறு யாரும் தொடுவதில்லை, நானும் பல விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். ஒரு கைப்பிடி அவருக்கு. மீதியைக் கோயில் வாசலில் நிற்கும் மாட்டுக்கு என் கணவர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அப்படியே திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு அரைக்கீரை.