வீட்டுக்குள்ளே ஓர் ஆங்கிலப் பாடம்

"மௌலவி, புள்ளைக்கு இங்கிலீஷ் ஓடுதில்ல. எந்த டியூசனுக்கு அனுப்பினா நல்லம்?" ஓதல் முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அரபுக் கல்லூரியில் ஓதி வந்தவனிடம் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்பானேன் என்று நீங்கள் நினைக்கலாம். எமது பாடசாலையின் ஆங்கில ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போன பின், சிறிய வகுப்புகளின் ஆங்கிலப் பாடவேளைகளை அதிபர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரு தவணைக்கு மட்டும் என்றுதான் சொன்னார். ஐந்து வருடங்கள் ஓடிவிட்டன.

டியூசனுக்கு அனுப்புமுன் பிள்ளையைக் குசினிக்குக் கூப்பிடுங்கள் என்பதே நான் அந்தத் தாய்மாருக்குச் சொல்லும் பதில். "எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாதே, மௌலவி" என்பார்கள்.

தெரியாது என்று யார் சொன்னது? குசினி என்பதே தமிழ்ச் சொல் அல்ல. யன்னல், மேசை, கதிரை, அலுமாரி, சாவி, விறாந்தை எல்லாம் 1505இல் இந்நாட்டுக்கு வந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து எமது வீட்டுக்குள் நுழைந்தவை. பின்னர் கேத்தல் வந்தது, பிரிட்ஜ் வந்தது, ரைஸ் குக்கர் வந்தது. இவற்றையெல்லாம் எமது உம்மம்மாமார் எந்த வகுப்புக்கும் போகாமல்தான் பழகினார்கள். பொருள் கண்முன்னே இருந்தது, சொல்லும் அதனோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டிய வழியும் அதுதான் என்பது என் அபிப்பிராயம். கடையில் விற்கும் படப் புத்தகங்களில் குளிர் காயும் அடுப்பும் கூரைக்கடியில் ஓர் அறையும் இருக்கின்றன. எமது வளவிலுள்ள கிணறும் திருவலையும் பாயும் முஸல்லாவும் அவற்றில் இல்லை. காணாத வீட்டின் சொற்களைப் பிள்ளை மனனம் செய்து என்ன பயன்?

சொற்களை விடப் பெரிய சிக்கல், அவற்றை அடுக்கும் ஒழுங்கு. தமிழில் "மேசைக்குக் கீழே" என்கிறோம். மேசை முதலில் வருகிறது, கீழே பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் "அண்டர் த டேபிள்" என்று அது தலைகீழாக நிற்கிறது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ஆனால் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கு இது புதிதல்ல. அரபியில் ஃபீ, அலா, தஹ்த என்பனவும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வருகின்றன. "ஃபில் பைத்தி" என்பதை அப்படியே வரிசை மாறாமல் "இன் த ஹவுஸ்" என்று போட்டுவிடலாம். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, "இது நாங்க ஓதுறதுதானே சேர்!" என்று பிள்ளைகள் துள்ளினார்கள்.

அதேபோல் "எ", "த" என்ற இரண்டு சிறிய சொற்கள். தமிழில் இவை இல்லாததால் எமது பிள்ளைகள் விட்டுவிட்டே எழுதுவார்கள். "பைத்துன்" என்று தன்வீனோடு சொன்னால் ஏதோ ஒரு வீடு. அது "எ ஹவுஸ்". "அல்பைத்து" என்றால் இன்ன வீடு என்று அறியப்பட்டது. அது "த ஹவுஸ்". அல் வந்தால் தன்வீன் வராது. த வந்தால் எ வராது. எல்லா இடத்திலும் இந்தக் கணக்குச் சரிவராது என்பது எனக்குத் தெரியும். சிறு பிள்ளைக்கு இது போதும். உச்சரிப்பிலும் ஓர் உதவி உண்டு. ஒரு வீடு "ஹவுஸ்" எனும்போது கடைசி ஓசை ஸீன். பல வீடுகள் "ஹவுஸஸ்" ஆகும்போது அந்த ஸீன் மறைந்து, ராவை அடுத்து வரும் ஸாய் இரண்டு தடவை ஒலிக்கிறது. தமிழ் எழுத்தில் இதைக் காட்ட முடியாது. தஜ்வீத் படிக்கும் பிள்ளையின் நாக்கு உடனே பிடித்துக்கொள்ளும்.

தாய்மாருக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒரேயொரு விளையாட்டு. வீட்டுச் சாவியை எங்காவது ஒளித்து வையுங்கள். "வேர் இஸ் த கீ?" என்று கேளுங்கள். பிள்ளை ஓடி ஓடி, "அண்டர் த மெட்? ஒன் த ஷெல்ஃப்? இன் த பக்கட்?" என்று கேட்கட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது எஸ், நோ இரண்டும்தான். சோறு கொதிக்கும் நேரத்துக்குள் இருபது வசனங்கள் பேசிவிடும். பிழையாகச் சொன்னாலும் சாவி கிடைக்கும் வரை திருத்தாதீர்கள்.

சென்ற வருடம் தரம் 5இல் "மை மதர் இஸ் இன் த கிச்சன்" என்ற வசனத்தை எழுதி, ஒவ்வொருவரையும் தத்தமது உம்மா இப்போது எங்கே என்று சொல்லச் செய்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பி, "சேர், எங்கட உம்மா ரியாதில ஒரு வீட்டுக் குசினியிலதான் நிக்கிறா. அவவுக்கும் இதே வசனமா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது. உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த வகுப்பில் அவளோடு நான்கு பேர்.

அவள் கேட்டது இலக்கணம். நானும் இலக்கணமாகவே பதில் சொன்னேன். "த கிச்சன்" என்றால் உனக்கும் எனக்கும் தெரிந்த குசினி, உன் வீட்டுக் குசினி. ரியாதிலுள்ளதை நீயும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. அது தன்வீன் போட்ட குசினி. ஆகவே "இன் எ கிச்சன் இன் ரியாத்". அவள் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பின் அவளுக்கு எயும் தவும் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

எமது கிழக்குக் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்கே எழுதப்படுகிறது. அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே எத்தனையோ உம்மாமார் கடல் கடந்து போயிருக்கிறார்கள். மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு கேட்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அது இன்னொரு கட்டுரைக்கு. இந்தப் பிள்ளையின் உம்மம்மாவின் வளவிலும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கூரை போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. அதை அவள் "ஹவுஸ்" என்று எழுதினாள். உம்மம்மாவோடு படுத்தெழும்பும் பழைய வீட்டை "ஹோம்" என்று எழுதினாள்.

இந்த இரண்டு சொல்லின் வித்தியாசத்தையும் அரபியைக் கொண்டே விளக்கியிருந்தேன். பைத் என்பதும் வீடு, மஸ்கன் என்பதும் வீடு. மஸ்கன், ஸுகூன் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. எழுத்தின் மேல் ஸுகூன் வந்தால் அது அசையாமல் நிற்கிறது அல்லவா? அப்படி மனிதன் வந்து அமைதியாக நிற்கும் இடம் மஸ்கன். "ஹோம்" அதற்குக் கிட்ட வரும். "கோ டு ஹோம்" என்று பிள்ளைகள் எழுதும் பிழைக்கும் மருந்து உண்டு. "கோ ஹோம்" என்பதில் ஹோம் என்றாலே "வீட்டுக்கு" என்று பொருள். அந்தக் "கு" சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே போ என்பதை "கோ தெயர்" என்கிறோமே, அதுபோல. "மை மதர் வில் கம் ஹோம்" என்று அவள் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். எப்போது என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

சாவி விளையாட்டை அவளுடைய உம்மாவோடும் விளையாடலாம் என்று சொல்லி அனுப்பினேன். ரியாத் எமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அவர் வேலை முடிக்கும்போது இங்கே பிள்ளை நித்திரை. ஆகவே வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். ஸுபஹுக்குப் பின் இவள் கேட்கிறாள். அந்தத் தாய் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் அந்த வீட்டில் அரபியும், கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணோடு ஆங்கிலமும் பேசுகிறார். ஏழு வருடம் அரபு ஓதிய எனக்கு, சட்டியை மூடியால் மூடு என்று சொல்ல யோசிக்க வேண்டும். அவருக்கு யோசனையே இல்லை.

"த கெட்டில் இஸ் ஒன் த ஷெல்ஃப்", "த ரைஸ் இஸ் இன் எ பிக் பொக்ஸ்" என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளை அந்தக் குசினியைக் கொப்பியில் கீறி வந்தாள். எமது அலுமாரியை விடப் பெரிய பிரிட்ஜ், நான்கு அடுப்புகள், ஒரு நீண்ட மேசை. ஒரு நாள் அவளாகவே, "வேர் இஸ் யுவர் பெட்?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். மறுநாள் பதில் வந்தது: "இன் எ ஸ்மோல் ரூம், நியர் த கிச்சன்". அந்த அறையையும் கீறிக்கொண்டு வந்து காட்டினாள். ஒரு கட்டிலும் ஒரு யன்னலும் வைத்திருந்தாள். யன்னலை உம்மா சொன்னாரா என்று கேட்டேன். "இல்ல சேர், நான் வெச்சது" என்றாள்.