முட்டையிட்ட கல்

கல்லுக்கு உயிர் உண்டு என்று கீழ்பென்னாத்தூரில் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே 814 மீட்டர் உயரத்துக்கு அண்ணாமலை நிற்கிறது. அடிமுடி காண முடியாத நெருப்புத் தூண்தான் குளிர்ந்து மலையானது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. கோயிலுக்குப் போக நேரமில்லாதவர்கள் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

அதனால், 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் 'தி டெவில் இன் தி டார்க்' என்ற பகுதியைப் பார்த்தபோது, 1967 மார்ச் 9 அன்று அமெரிக்க வீடுகளில் எழுந்திருக்கக்கூடிய வியப்பு எனக்கு எழவில்லை. கல்லாலான உயிர். சரி, அப்புறம்? அந்த அப்புறம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

ஜேனஸ் 6 என்ற கோளில் ஒரு சுரங்கம். புதிதாக ஒரு மட்டத்தைத் திறந்ததிலிருந்து, ஏதோ ஒன்று பாறையைத் துளைத்து வந்து ஆட்களை அமிலத்தால் கருக்குகிறது. ஐம்பது பேர் செத்துவிட்டார்கள். அதைக் கொல்ல விண்கப்பல் கேப்டன் கிர்க்கும் அவருடைய அதிகாரி ஸ்போக்கும் வருகிறார்கள். சுரங்க நிர்வாகியின் மேஜையில் ஓர் உருண்டைக் கல் இருக்கிறது. அதே மாதிரி ஆயிரக்கணக்கில் கிடந்தவற்றை நொறுக்கித்தான் வேலை நடந்திருக்கிறது. அத்தனையும் முட்டைகள். 50,000 ஆண்டுக்கு ஒருமுறை அந்த இனமே மடியும். ஒருத்தி மட்டும் மிஞ்சி முட்டைகளைக் காப்பாள். அந்த ஒருத்திதான் ஹோர்ட்டா.

திரைக்கதை எழுதிய ஜீன் கூனின் கெட்டிக்காரத்தனம் ஓர் இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. முடிந்தால் அதை உயிரோடு பிடிக்கலாமே என்று முதலில் கேட்பவர் ஸ்போக். சுட்டே தீர வேண்டும் என்பவர் கிர்க். ஆனால் குகைக்குள் கிர்க் தனியாக அதன் எதிரே மாட்டிக்கொண்டதும், உடனே சுடுங்கள் என்று பதறுபவர் ஸ்போக். கிர்க் சுடவில்லை. நண்பன் உயிர் என்று வந்ததும் கொள்கை ஆட்டம் காண்கிறது. நேருக்கு நேர் நின்றதும் வெறி தணிகிறது. பிறகு, தொட்டால் பிற உயிரின் மனதை அறியக்கூடிய ஸ்போக் அந்தக் கல்லுடம்பின் மேல் கைவைத்து, அதன் வலியைத் தன் வாயால் கத்துகிறார். கப்பலின் டாக்டர் மெக்காய் அதன் காயத்துக்குக் கான்கிரீட் பூசி வைத்தியம் பார்க்கிறார்; சிரிக்க வைத்தாலும் பொருத்தமான மருந்துதான்.

குறைகளும் உண்டு. ஹோர்ட்டா என்பது ஒரு விரிப்புக்குள் நடிகர் யானோஸ் ப்ரோஹாஸ்கா தவழ்ந்து போவதுதான் என்று இன்றைய பிள்ளைகள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பெரிய குறை, ஒரு தாயின் கதையில் பெண் ஒருத்திகூட வாய் திறப்பதில்லை. தாயின் பேச்சும் ஓர் ஆணின் குரலில்தான் வருகிறது.

ஆனாலும், கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அந்தப் பழைய தொடரில் தன் நினைவில் தங்கியது இது ஒன்றுதான் என்று சொன்னார். விசித்திரமானது, ஆபத்தானது என்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது என்று காட்டியது அவருக்குப் பிடித்திருந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ மேல் நமக்கு எளிதாகப் பாசம் வந்தது. இயந்திரம் என்றாலும் அது நாய்க்குட்டி. முகமே இல்லாத ஹோர்ட்டாவிடம் அப்படி வராது. முதலில் அதன் பக்கத்துக் கணக்கைக் கேட்டாக வேண்டும்.

எங்கள் பக்கம் இடிப்பது அங்கேதான். நாங்கள் ஒரு மலையைக் கும்பிடுகிறோம், இன்னொரு மலைக்கு வேட்டு வைக்கிறோம். கும்பிடும் மலையைச் சுற்றப் போகிற பாதைக்கும் ஜல்லி எங்கிருந்தோ வந்திருக்கும். கல்லில் சாமியைப் பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, அந்தக் கல்லை நம்பி வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும் பழக்கம் இல்லை. பக்தி அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கும் என்றுதான் நினைப்போம். இதுவரை வைக்கவில்லை.

கதையின் முடிவைச் சிலர் சப்பென்று இருக்கிறது என்பார்கள். ஹோர்ட்டாவும் குஞ்சுகளும் பாறையைத் துளைத்துக்கொண்டு போகும். வெளிப்படும் கனிமத்தைச் சுரங்கக்காரர்கள் அள்ளிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். கொலைவெறியோடு வந்தவர்கள் லாபம் என்றதும் அடங்குகிறார்கள். எனக்கு இது நேர்மையான முடிவாகவே படுகிறது. மனிதன் மனம் மாறி ஒதுங்குவான் என்று காத்திருப்பதைவிட, உடைக்காமல் விட்டால் என்ன கிடைக்கும் என்று காட்டுவது வேலைக்கு ஆகும். உடைபடாத குன்று சரிவில் விழும் மழையை ஏரிக்கு அனுப்புகிறது, ஆடுமாட்டுக்கு மேய்ச்சல் தருகிறது. லோடு கணக்கில் ஜல்லிக்கு விலை போடும் இடத்தில் இந்த வரவையும் எழுதினால், சில குன்றுகளாவது தப்பும். சாமி என்று பெயர் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால், எத்தனை குன்றுக்கு வைப்பது?