முப்பத்தோரு டாலர் அறுபது சென்ட்

ஆஸ்திரேலியாவில் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளிய ஒரு சின்ன ஊர். 2025. மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு இன்சுலினுக்காகக் காத்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். சூப்பர் மார்க்கெட் சீருடை. நெஞ்சிலிருந்த பெயர் அட்டையைக் கையால் மூடியபடி நிற்கிறாள். அவள் முறை வந்ததும் மருந்தாளுநர் அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தானே சுற்றி வந்து ஓரத் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போகிறார். காதில் விழக்கூடாதென்றுதான் பார்த்தேன். நாற்காலியை அங்கேதான் போட்டிருக்கிறார்கள். முதல் மாத்திரையை விழுங்க வேண்டும். 36 மணி நேரமாவது போன பிறகு, 48க்குள், மற்ற நான்கையும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்ள வேண்டும். ரத்தப்போக்கு அளவுக்கு மீறினால் இந்த எண்ணுக்குப் போன் செய். இரண்டு தடவை சொல்கிறார். அவள் இரண்டு தடவையும் தலையாட்டுகிறாள்.

கல்லாவில் 31.60 டாலர். அட்டையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்து என் இன்சுலின். அதற்கும் 31.60தான். அரசின் மானியப் பட்டியலில் ஏறிய மருந்து எதுவானாலும் நோயாளி தருவதற்கு அந்த வருடத்து உச்சவரம்பு அது.

அவள் வாங்கிய கருக்கலைப்பு மாத்திரை அந்தப் பட்டியலில் ஏறியது லேசாக இல்லை. 1996இல் டாஸ்மேனியா செனட்டர் பிரையன் ஹாரடைன் கொண்டுவந்த திருத்தத்தால், அதில் முதலில் விழுங்கும் மிஃபெப்ரிஸ்டோன் நாட்டுக்குள் வர சுகாதார அமைச்சரே கையெழுத்திட வேண்டும் என்றானது. வேறெந்த மாத்திரைக்கும் இல்லாத காவல். அதை நீக்க நான்கு கட்சிகளைச் சேர்ந்த நான்கு பெண் செனட்டர்கள் ஒன்றுசேர்ந்து கொண்டுவந்த மசோதா 2006இல் ஜெயித்தது. 2012இல் மருந்து பதிவானது. 2013 ஆகஸ்ட் 1 முதல் மானியம். அதுவரை நூற்றுக்கணக்கில் டாலர் செலவழித்தார்கள்.

மாத்திரை மலிந்துவிட்டது, சரி. டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், லீவு போட்ட நாளின் கூலி, பக்கத்து ஊர் போய்வரும் பெட்ரோல் எல்லாம் அவள் தலையில் விழலாம். மாத்திரைக்கான ஒன்பது வாரக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கும். 2023 ஆகஸ்ட் வரை இதற்கென்றே பதிவுசெய்த டாக்டர்தான் எழுதித் தரலாம், பதிவுசெய்த கடைதான் கொடுக்கலாம். அந்த விதி போய்விட்டது. ஆனாலும் எழுத மனமில்லாத டாக்டரை எந்த மானியமும் எழுத வைக்காது. ஊரில் இருப்பதே ஒரு டாக்டர் என்றால்?

2026 ஜனவரியில் உச்சவரம்பு 25 டாலராக இறங்கிவிட்டது. சலுகை அட்டைக்காரர்களுக்கு 7.70. இரண்டுமே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு. நம் ஊரிலிருந்து படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அது கிடையாது. அவர்களின் மாணவர் காப்பீடு எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான். மகளை அனுப்பும் பெற்றோர் அந்தக் காப்பீட்டுத் தாளில் மருந்துச் செலவு, கர்ப்பம் என்று வரும் பத்திகளை விமானம் ஏறும் முன் அவளோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.