டோக்கோனாமேயில் ஒரு தொட்டி

எங்கள் வீட்டு மதில் இடுக்கில் முளைத்த ஆலங்கன்று அது. போன்சாயாக வளர்த்து இப்போது 11 வயசு. மாமியார் அதை "மூணாவது பேத்தி" என்பார். போன வருஷம் நான் அழகுக்கு ஆசைப்பட்டு, அடியில் ஓட்டையே இல்லாத நீலப் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டேன். மூன்றே மாசம்! இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. கவிழ்த்துப் பார்த்தால் பாதி வேர் அழுகல். அழுகினதை நறுக்கி, பழைய மண்சட்டியில் வைத்து ஒருவழியாகப் பிழைக்க வைத்தேன்.

அதனால்தான் இவரோடு ஜப்பான் போக வாய்த்தபோது, மரத்தின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து கைப்பையில் போட்டுக்கொண்டேன். "ஊர் பார்க்கவா, தொட்டி பார்க்கவா?" என்று கேலி வேறு.

நகோயாவிலிருந்து ரயிலில் முக்கால் மணிக்குள் டோக்கோனாமே. பல நூறு வருஷமாக மண் சுடும் ஊர். ஒரு சந்தில் இருபக்கச் சுவர்களும் பழைய மண்குழாய்களும் சாராய ஜாடிகளும் அடுக்கிக் கட்டியவை! 1887-இல் கட்டிய சூளை ஒன்று, எட்டு அறைகளோடு மேட்டில் படியேறுவதுபோல் நிற்கிறது. பத்துப் புகைபோக்கிகள், உயரம்கூட ஒன்றுபோல் இல்லை. 1974 வரை எரிந்ததாம்.

கடைக்கார அம்மாளுக்கு என் பாஷை தெரியாது. நூலை வாங்கினார், மூன்றாக மடித்தார், ஒரு மடிப்பை விரலால் மறைத்தார். மீதி இரண்டு பங்குதான் தொட்டியின் நீளம்! ஆழத்துக்கு என்ன கணக்கு? அடிமரம் எவ்வளவு பருமனோ, அவ்வளவு. பைன் மாதிரி மரங்களுக்குப் பூச்சில்லாத பழுப்பு. பூப்பது, காய்ப்பது, இலையுதிர்ப்பதற்கெல்லாம் வர்ணப் பூச்சு. 'போன்' என்றாலே தட்டுத்தொட்டிதானே, பேரில் பாதி அதற்கு!

அவர் எடுத்துக் கொடுத்தவற்றை எல்லாம் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தேன், பட்ட பாடு அப்படி! பெரிய ஓட்டை இரண்டு. மரத்தைக் கம்பியால் கட்ட, சின்ன ஓட்டைகள். தண்ணீர் வடிய நாலு கால். உள்பக்கம் பூச்சில்லாமல் சொரசொரப்பு.

ஆழத்தில் மட்டும் நான் அந்த அம்மாள் பேச்சைக் கேட்கவில்லை. நம்ம ஊர் வெயிலில் தட்டையான தொட்டி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு விரற்கடை கூடுதல் ஆழமாக, பழுப்பில் எடுத்தேன். ஓட்டைகளின் மேல் வலைத்துண்டு வைத்து நட்டாயிற்று. இரண்டு துளிர் வந்திருக்கிறது. மூன்றாவதை அணில் தின்றுவிட்டது.